தனி ஜெபத்தில் எத்தனை பேர்? தமிழ்க் கிறித்தவத்தில் தனிமையும் ஆறுதலும்

1. கேள்வி

தனித்திருப்பவருக்கு விசுவாசம் ஆறுதல் தருகிறது என்பதைக் கிறித்தவ மேடைகளில் யாரும் நிரூபித்துக் காட்டுவதில்லை. ஞாயிறு செய்தியிலும், சாவு வீட்டு ஜெபத்திலும், புத்தாண்டு நள்ளிரவில் கையில் கிடைக்கும் வாக்குத்தத்த அட்டையிலும் அது வந்துவிடுகிறது. கேட்பவர்கள் ஆமென் சொல்கிறார்கள். பேச்சு அத்துடன் முடிந்துவிடுகிறது. சமயத்தை வெளியே நின்று பார்ப்பவர்களும் இதை ஒருவகையில் ஒப்புக்கொண்டவர்கள்தாம். துணையற்றவர் மனத்துக்குள் ஒரு துணையைப் படைத்துக்கொள்கிறார் என்பது அவர்களுடைய விளக்கம். விசுவாசியும் சந்தேகியும் ஓரிடத்தில் உடன்படுகிறார்கள்: இந்த ஆறுதல் ஒரு மனிதருக்கும் அவருடைய கடவுளுக்கும் இடையே, மூடிய கதவுக்குள் நடந்து முடிகிற காரியம்.

அந்த உடன்பாடு சரிதானா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. தமிழ்நாட்டிலிருந்து கிடைக்கும் சில சான்றுகளை அருகில் வைத்துப் பார்த்தால், ஆறுதல் கிடைத்ததாகச் சொல்லப்படும் இடங்களிலெல்லாம் ஒரு கைமாற்றம் நடந்திருக்கிறது. ஒருவர் கற்றுக்கொடுத்த சொல்லை இன்னொருவர் தனியறையில் சொல்கிறார். அந்த அறையிலிருந்து ஒரு சொல் மூன்றாமவருக்குப் போகிறது. இந்தப் போக்குவரத்து அறுந்த இடங்களில் விசுவாசம் ஆறுதல் தரத் தவறியது மட்டுமல்ல, சில வேளை தனிமையைக் கூட்டியும் இருக்கிறது.

2. மாங்காட்டிலிருந்து

இந்தக் கேள்வியை ஓர் ஊரிலிருந்து தொடங்கலாம். மாங்காடு என்றால் காமாட்சி அம்மன். சிவனின் கண்களை மூடி விளையாடியதால் அவர் சினத்துக்கு ஆளான உமை, ஐந்து நெருப்புக்கு நடுவே ஒற்றைக்கால் விரல் நுனியில் நின்று தனியே தவம் செய்த இடம் என்கிறது தலபுராணம். தவம் முடிந்து அவள் காஞ்சிக்குப் போய் இறைவனை மணக்கிறாள். சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பூந்தமல்லி திருக்கச்சி நம்பிகளின் ஊர். காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசும்போது அவருடன் தனியே உரையாடியவர் என்று வைணவ மரபு அவரைப் போற்றுகிறது. அந்தத் தனி உரையாடல் அவரோடு நின்றுவிடவில்லை. மனத்தில் ஐயங்களோடிருந்த இராமானுஜர் நம்பிகள் மூலமாக வரதரிடம் கேட்டார். நம்பிகள் ஆறு வார்த்தைகளோடு திரும்பினார். கடவுளோடு தனியே பேசியவர் பிறருக்குச் செய்தி கொண்டுவருபவராகவும் இருந்தார். இந்தக் கதையை ஓரமாக வைத்துக்கொள்வோம்.

இந்தப் பகுதியின் இன்றைய தனிமை வேறு வகையானது. தவமாகத் தேர்ந்தெடுத்தது இல்லை. மாங்காடு காஞ்சிபுரம் மாவட்டத்து நகராட்சி என்றாலும் பிழைப்பு முழுவதும் சென்னையோடும் திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைகளோடும்தான். ஏரிப் பாசனத்தில் விளைந்த நிலம் மனைகளாகி, மனைகள் அடுக்கு வீடுகளாகிவிட்டன. ஷிப்டு பேருந்துக்கு விடிவதற்குள் சாலைக்கு வந்து நிற்பவர்கள், போரூர் அலுவலகங்களுக்குப் போகிறவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டிலிருக்க இரண்டு படுக்கையறை வீட்டில் ஒற்றையாக இருக்கும் மூத்தவர்கள் என்று ஒரே தெருவில் வாழ்பவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்களாக இருக்கிறார்கள். 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே விடுதியில் தங்கியிருந்த தொழிற்சாலைப் பெண்கள், விடுதி உணவால் நோயுற்று, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து போராடினார்கள். ஊரைவிட்டு வந்த இளம்பெண்கள் எத்தனை பேர் எப்படி ஓர் அறையில் படுக்கிறார்கள் என்பது பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. நெரிசலுக்குள்ளும் தனிமை உண்டு.

இதே தெருக்களில் மளிகைக் கடைக்கு மேலே, முதல் மாடியில், தகரக் கூரைக்குக் கீழே சபைகள் இருக்கின்றன. ஏஜி (அசெம்பிளீஸ் ஆஃப் காட்), சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), கத்தோலிக்கப் பங்கு என்று பெயர் தெரிந்தவை சில. போதகர் ஒருவரும் இருபது முப்பது குடும்பங்களுமாக இயங்கும் பெயர் தெரியாத சுயாதீன சபைகள் அவற்றைவிட அதிகமாகக் கண்ணில் படுகின்றன. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறித்தவர்கள் 6.12 சதவீதம், ஏறக்குறைய 44 லட்சம் பேர். தென்மாவட்டக் கிராமத்தில் ஒரே தெருவில் ஒரே கோயில் மணிக்கு எழுந்தவர்கள் இங்கே வந்து சிதறுகிறார்கள். ஊரில் விசுவாசம் தெருவோடு சேர்ந்தே கிடைத்தது. இங்கே அதைத் தேடிப் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும்.

3. இருக்கும் விளக்கங்கள்

கிறித்தவ மரபு தனிமையைப் பற்றிப் பேசத் தொடங்கியது எகிப்தின் பாலைவனத்தில். நான்காம் நூற்றாண்டில் அத்தனாசியுஸ் எழுதிய அந்தோணியாரின் வாழ்க்கை வரலாற்றில் தனிமை போர்க்களமாக இருக்கிறது. இளைப்பாறும் இடமாக இல்லை. பேய்கள் வருகின்றன, அடிக்கின்றன. அவருக்குப் பின் வந்த எவாக்ரியுஸ், நண்பகலில் துறவியைப் பிடிக்கும் சலிப்பைத் தனியொரு பேயாகவே வகைப்படுத்தினார். பொழுது நகர மறுக்கிறது; சன்னலையே பார்க்கத் தோன்றுகிறது; சகோதரர்களிடம் அன்பு அற்றுப்போயிற்று என்ற நினைப்பு வருகிறது. மாங்காட்டில் மாலை மூன்று மணிக்குத் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு இந்த வர்ணனை அந்நியமாக இருக்காது. பாலைவனத் துறவிகள் ஆறுதலைத் தேடிப் போனவர்கள் அல்லர். ஆறுதல் வந்தால் அதையும் சோதித்துப் பார்த்தார்கள்.

நம் காலத்துச் சமூகவியல் வேறு வழியில் வந்து சேர்கிறது. அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு சேயூன் லிம், ராபர்ட் பட்னம் இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியமானது. ஆராதனைக்குத் தவறாமல் போகிறவர்கள் வாழ்க்கையில் கூடுதல் நிறைவு கொண்டிருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்லியிருந்தன. ஏன் என்று இவர்கள் கேட்டார்கள். சபையில் நெருங்கிய நண்பர்கள் இருப்பதுதான் பெரும்பாலும் காரணம் என்று தெரிந்தது. சபைக்குப் போயும் அங்கே நண்பர் இல்லாதவர்களிடம் அந்தக் கூடுதல் நிறைவு காணப்படவில்லை. தனி ஜெபம் போன்ற அந்தரங்கப் பழக்கங்களை வைத்தும் அதை விளக்க முடியவில்லை.

இதை அப்படியே எடுத்துக்கொண்டால் கேள்வி முடிந்துவிடும்: ஆறுதல் தருவது நட்பு, கடவுள் நண்பர்கள் கூடுவதற்கு ஒரு சாக்கு. எனக்கு இந்த முடிவு அவசரமானதாகப் படுகிறது. அந்த ஆய்வு அளந்தது வாழ்க்கை நிறைவை. தனிமையில் கிடைக்கும் ஆறுதலை அன்று. நண்பர்கள் இல்லாத அறையிலும் ஆறுதல் கண்டதாகச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய சாட்சியை விசாரிக்காமல் ஒதுக்குவது ஆய்வாகாது. தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட அறைகளில் மிக விரிவாக ஆவணப்பட்டது தோனாவூரில் இருக்கிறது.

4. தோனாவூர் அறை

ஏமி கார்மைக்கேல் 1867இல் வட அயர்லாந்தின் மில்லைல் என்ற ஊரில் பிறந்தவர். 1895இல் இந்தியா வந்தார். திருநெல்வேலிச் சீமையில் தங்கினார். கோயில்களுக்கு நேர்ந்துவிடப்பட்ட, விடப்படவிருந்த பெண் குழந்தைகளுக்காகத் தோனாவூரில் இல்லம் ஒன்றை வளர்த்தெடுத்தார். குழந்தைகளுக்கு அவர் அம்மா. 1931 அக்டோபர் 24 அன்று களக்காட்டில், மருத்துவப் பணிக்காக ஆயத்தமாகிக்கொண்டிருந்த வீட்டைப் பார்க்கப் போனவர் அங்கே தோண்டியிருந்த குழியில் விழுந்தார். கால் முறிந்தது. அதிலிருந்து அவர் முழுவதும் மீளவேயில்லை. 1951 ஜனவரி 18 அன்று இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது ஆண்டுகள், பெரும்பாலும் ஓர் அறைக்குள்தான் இருந்தார்.

அந்த அறையிலிருந்து பத்துக்கு மேற்பட்ட நூல்கள் வந்தன. அவற்றுள் 1933இல் வெளியான ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ நம் கேள்விக்கு நேரடிச் சான்று. நோயுற்றோருக்காக நோயுற்றவர் எழுதிய கடிதங்கள் அவை. அந்நூலின் தொடக்கத்தில் அவர் வைக்கும் வாதம் கூர்மையானது. படுக்கையில் கிடந்தபோது ஆறுதல் நூல்கள் பல அவருக்கு வந்து சேர்ந்தன. எழுதியவர்கள் நல்லவர்கள், சொன்னவை உண்மைகள். ஆனால் அவர்கள் உடல்நலத்தோடு இருந்தவர்கள் என்பதாலேயே அச்சொற்கள் அவரை எட்டவில்லை. வலியை இப்போது அனுபவிப்பவர் சொல்லும்போதுதான் வலியில் கிடப்பவருக்கு அது சேர்கிறது என்று அவர் கண்டார்.

இதன் பொருளை இறையியலாளர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். தோனாவூர் அறையில் பைபிள் இருந்தது, ஜெபம் இருந்தது, ஐயத்துக்கு இடமில்லாத விசுவாசமும் இருந்தது. இவை போதுமானவை என்றால் ஆறுதல் நூல்கள் சேரவில்லை என்ற குறை எழுந்திருக்காது. அதே வாக்குத்தத்தம் ஒருவர் சொன்னால் எட்டுகிறது, மற்றவர் சொன்னால் எட்டவில்லை. சொன்னவர் எங்கே இருந்துகொண்டு சொல்கிறார் என்பது சொல்லின் ஒரு பகுதியாகிவிடுகிறது. ஆறுதலுக்கு உள்ளடக்கம் மட்டுமன்றி முகவரியும் உண்டு.

இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். அவர் ஆளற்ற அறையில் இருக்கவில்லை. பணிவிடைக்குப் பெண்கள் இருந்தார்கள். அவர் வளர்த்த பிள்ளைகள் வந்து போனார்கள். குறிப்புச் சீட்டுகளும் கடிதங்களும் அறையிலிருந்து நாள்தோறும் வெளியேறிக்கொண்டிருந்தன. ஃபிராங்க் ஹௌட்டன் 1953இல் எழுதிய வாழ்க்கை வரலாறும், எலிசபெத் எலியட் 1987இல் எழுதியதும் அவரைத் தனித்த புனிதராகவே நம் முன் நிறுத்துகின்றன. அந்த அறையைத் தாங்கிய தமிழ்ப் பெண்களின் உழைப்பு அந்தச் சித்திரத்தில் பின்னால் போய்விடுகிறது. ஒரு நோயாளி இருபது ஆண்டு எழுத வேண்டுமென்றால் யாரோ இருபது ஆண்டு படுக்கை விரிப்பை மாற்றியிருக்க வேண்டும். அவர்களுடைய தனிமைக்கு யார் கடிதம் எழுதினார்கள் என்ற கேள்விக்கு நூல்களில் பதில் இல்லை.

ஆயினும் ஏமியின் சாட்சி நிற்கிறது. ஆறுதலைப் பெற்றவராக மட்டும் இருந்திருந்தால் அவர் என்ன ஆகியிருப்பார் என்று ஊகிக்கலாம். அவர் அனுப்புபவராகவும் இருந்தார்; அறை அதனால் அடைபடவில்லை. திருக்கச்சி நம்பிகள் காஞ்சியிலிருந்து வார்த்தைகளைக் கொண்டுவந்ததுபோன்ற ஒரு வேலை அது.

5. கற்ற சொற்கள்

தனி ஜெபத்தில் ஒருவர் சொல்லும் சொற்கள் எங்கிருந்து வருகின்றன? அழும்போது வருவதும் பெரும்பாலும் முன்பே கேட்ட சொல்தான். தமிழ்க் கிறித்தவரின் ஜெப மொழி சங்கீதங்களிலிருந்தும் பாமாலையிலிருந்தும் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் வழிவந்த கீர்த்தனைகளிலிருந்தும் திரண்டது. சிறுவயதில் குடும்ப ஜெபத்தில் பாதி தூக்கத்தில் கேட்ட வரி அறுபது வயதில் மருத்துவமனைக் கட்டிலில் திரும்பி வருகிறது. அந்த வரியோடு அதைப் பாடிய குரலும் வருகிறது. அது பாட்டியின் குரலாக இருக்கும். இல்லையென்றால் தாளம் தப்பிப் பாடிய கோயில் ஊழியருடையதாக இருக்கும்.

எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் வாழ்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1827இல் திருநெல்வேலி அருகே கரையிருப்பில் வைணவ வேளாளக் குடும்பத்தில் பிறந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தவர். 1858இல் சென்னையில், குடும்பத்தை விட்டுத் தொலைவில், ஞானஸ்நானம் பெற்றார். மதம் மாறியவரின் தனிமை இருமடங்கானது: பழைய உறவு சந்தேகிக்கும், புதிய உறவு இன்னும் சொந்தமாகாது. 1894இல் வெளியான அவருடைய ‘இரட்சணிய யாத்திரிகம்’, ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ‘மோட்ச பிரயாணம்’ நூலின் தமிழ்க் காப்பிய வடிவம். பனியன் தன் விசுவாசத்துக்காகப் பெட்ஃபோர்டு சிறையில் பன்னிரண்டு ஆண்டு இருந்தவர். சிறைவாசம் கண்ட ஓர் ஆங்கிலப் போதகரின் பயணக் கதையை, ஆழ்வார் பாடல்களிலும் கம்பனிலும் ஊறிய ஒருவர் தமிழில் எழுதினார். இடையிடையே தேவாரம் என்று பெயரிட்டே உருக்கமான பாடல்களைச் சேர்த்தார். கிருஷ்ண பிள்ளையை விரிவாக ஆராய்ந்த டென்னிஸ் ஹட்சன், வைணவ பக்தியின் உணர்வு மதமாற்றத்துக்குப் பின்னும் அவரிடம் தொடர்ந்ததைக் காட்டுகிறார். இறைவன் எங்கோ இருக்கிறான், இங்கே நான் தவிக்கிறேன் என்று அழைக்கும் பக்தி மரபு அவருக்கு ஞானஸ்நானத்துக்கு முன்பே கையில் இருந்தது. விட்டுவந்த வீட்டின் மொழியில்தான் அவர் புதிய வீட்டில் ஆறுதல் தேடினார். தமிழ்ப் புராட்டஸ்டண்ட் தனிமைக்குள் திருமால் பக்தி இருக்கிறது என்று சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. நூல் அப்படித்தான் இருக்கிறது.

6. குகை: ஓர் எதிர்ச்சான்று

இதுவரை சொன்னதற்கு எதிராக ஒருவரை நிறுத்த வேண்டும். பிரான்ஸ் நாட்டு பெனடிக்ட் சபைத் துறவியான ஆன்றி லெ சோ, 1950இல் ழூல் மொன்ஷானேனோடு சேர்ந்து குளித்தலை அருகே சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கினார். அபிஷிக்தானந்தர் என்ற பெயரை ஏற்றார். 1949இல் திருவண்ணாமலையில் இரமணரைக் கண்டது அவரை உலுக்கியது. 1952இலிருந்து அருணாசல மலைக் குகைகளில் பல முறை தனித்திருந்தார். இவர் தேடியது சொல்லற்ற மௌனம். அழைப்பவர், அழைக்கப்படுபவர் என்ற இருமையே அங்கே கரைந்துபோக வேண்டும்.

கைமாற்றமே ஆறுதல் என்ற என் கருத்துக்கு இந்தக் குகையில் இடமில்லை. அவர் இறந்தபின் வெளியான நாட்குறிப்புகளைப் படித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். அந்த மௌனத்தில் பேரின்பம் உண்டு. அதே பக்கங்களில், கிறிஸ்துவுக்கும் அத்வைதத்துக்கும் நடுவில் கிழிபடும் வேதனையும் உண்டு. அந்த வேதனை பல ஆண்டு நீடித்தது. 1968இல் சாந்திவனத்தைப் பீட் கிரிஃபித்ஸ் பொறுப்பில் விட்டுவிட்டு இமயத்துக்குப் போனார். 1973 டிசம்பரில் இந்தூரில் காலமானார். இவரை ஆறுதல் பெற்றவர் என்று சொல்வதைவிட, ஆறுதல் என்ற தேவையையே கடக்க முயன்றவர் என்று சொல்வது பொருந்தும். அந்தோணியாரின் வழி அது. ஷிப்டு முடிந்து அறைக்குத் திரும்பும் பெண்ணுக்கு அதை மருந்தாகப் பரிந்துரைக்க எனக்குத் துணிவில்லை. தேர்ந்தெடுத்த தனிமைக்கு உரிய சிகிச்சையைத் திணிக்கப்பட்ட தனிமைக்குக் கொடுப்பது, தியான நூல்கள் இன்றும் செய்துவரும் பிழை.

7. தொலைபேசியின் மறுமுனை

‘இயேசு அழைக்கிறார்’ ஊழியத்தின் டி. ஜி. எஸ். தினகரன் (1935–2008) தன் சாட்சியில் சொல்லிவந்தது பலருக்குத் தெரிந்த கதை. இருபது வயதில், 1955இல், வேலை கிடைக்காமல் இரயில் பாதையில் உயிரை விடப் போனார். வழியில் உறவினர் ஒருவர் இயேசுவைப் பற்றிப் பேசித் திருப்பினார். அந்தச் சாட்சியில் இயேசுவுக்கு முன்னால் ஓர் உறவினர் வருகிறார் என்பதைக் கவனிக்கலாம். பின்னாளில் 1983இல் சென்னையில் தொடங்கிய ஜெப கோபுரத்தில், எந்நேரமும் தொலைபேசியில் அழைத்து ஜெபம் கேட்கலாம் என்ற ஏற்பாடு வந்தது. இரவு இரண்டு மணிக்கு எழுப்ப ஆளில்லாதவர்களுக்கு ஒரு மறுமுனை கிடைத்தது.

இதன் அருகே இன்னொரு தொலைபேசியை வைத்துப் பார்க்கலாம். 1953இல் இலண்டனில் சாட் வாரா என்ற ஆங்கிலிக்கன் குரு, தற்கொலை எண்ணத்தோடிருப்பவர்கள் அழைக்க ஓர் எண்ணை ஏற்படுத்தினார். சமாரிட்டன்ஸ் இயக்கம் அப்படிப் பிறந்தது. அவரைப் பார்க்க வந்து வெளியறையில் காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருக்கத் தன்னார்வலர்கள் உட்கார்ந்தார்கள். சிலர் அவர்களிடம் பேசிவிட்டு, குருவைப் பார்க்கத் தேவையில்லை என்று திரும்பிப் போனார்கள். வாரா இதைக் கண்டு மனம் கோணவில்லை. கேட்பதே வேலை என்று முடிவு செய்தார். அறிவுரை வேண்டாம், பிரசங்கம் வேண்டாம் என்பது அவ்வியக்கத்தின் நெறியாயிற்று. மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் நிறுவிய ஸ்நேகா அந்த வழியில் வந்த, சமயம் சாராத அமைப்பு.

ஒரு தொலைபேசியில் மறுமுனை ஜெபிக்கிறது, மற்றதில் கேட்கிறது. எது மேல் என்று தீர்ப்பளிப்பது கடினம். விசுவாசிக்கு, தன் பெயரைச் சொல்லி இன்னொருவர் கடவுளிடம் கேட்பது வேறெதிலும் கிடைக்காத அனுபவம். தன் துன்பம் ஒருவர் வாயில் வாக்கியமாவதை அவர் அப்போதுதான் கேட்கிறார். ஆனால் ஜெபம் சீக்கிரம் முடிந்துவிடக்கூடியது. அழைத்தவர் இன்னும் பேசி முடிக்காதபோது மறுமுனை ஆமென் சொல்லிவிட்டால் அவர் பழைய இடத்துக்கே திரும்புகிறார்.

8. ஆறுதல் சுடும் இடங்கள்

உளவியலாளர் கென்னத் பார்கமெண்ட் இந்தத் துறையில் நெடுங்காலம் உழைத்தவர். சமயத்தைத் துணையாகக் கொள்வதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு என்று அளந்து காட்டியவர். 2001இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு, மருத்துவமனையில் இருந்த சுமார் 600 முதிய நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தது. கடவுள் என்னைக் கைவிட்டாரோ, அவர் என்னை நேசிக்கவில்லையோ, இது பிசாசின் வேலையோ என்று போராடியவர்களிடம் இறப்பு வாய்ப்பு கூடுதலாக இருந்தது. நோயின் கடுமையைக் கணக்கிலெடுத்த பிறகும் அப்படியே இருந்தது.

இதைத் தமிழ்ச் சபைகளின் அன்றாடத்தில் பொருத்திப் பார்க்க அதிகத் தொலைவு போக வேண்டியதில்லை. குணமாகாத நோயாளியிடம் விசுவாசக் குறைவு என்பார்கள். குழந்தையில்லாதவளிடம் அறிக்கை செய்யாத பாவம் ஏதும் உண்டா என்று கேட்பார்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர் அதைச் சபையில் மறைக்கிறார். வெற்றிச் சாட்சிகள் மட்டும் ஒலிபெருக்கியில் வரும் சபையில், ஜெபித்தும் நடக்காதவருக்கு நிற்க இடமில்லை. பைபிள் இவ்வளவு கண்டிப்பானதாக இல்லை. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. நம்பிக்கை வரி ஒன்றை இறுதியில் ஒட்ட அதைத் தொகுத்தவர்கள் முயலவில்லை. சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்கு முதலில் கிடைத்தது தூக்கமும் அப்பமும் தண்ணீரும். மெல்லிய குரல் அதற்கு வெகுநாள் பிறகு, ஓரேப் மலையில். சாப்பிட்டாயா என்று கேட்காமல் வசனம் சொல்பவர்கள் இந்த வரிசையைப் படிக்க வேண்டும்.

சபையே உண்டாக்கும் தனிமையும் ஒன்று உண்டு. வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. இடித்ததை எதிர்த்து வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை போய் 1917இல் தோற்றது. சுவர் போன பின்பும் பல ஊர்களில் கல்லறைத் தோட்டங்கள் பிரிந்தே கிடக்கின்றன. ஒரே பந்தியில் இயேசுவின் உடலை வாங்கிவிட்டு வெளியே வந்ததும் விலகி நடக்கும் மனிதர்களுக்கு நடுவே ஒரு தலித் கிறித்தவர் உணரும் தனிமைக்கு, கர்த்தர் உன்னோடிருக்கிறார் என்பது பதிலாகாது. அவர் கேட்பது வேறு கேள்வி.

9. அடைத்த கோயில்கள்

2020 மார்ச் 25இல் கொரோனா ஊரடங்கு வந்தது. குருத்தோலை ஞாயிறு, பெரிய வெள்ளி, ஏப்ரல் 12இன் ஈஸ்டர் எல்லாம் அடைத்த கதவுகளோடு கடந்தன. தமிழ்நாட்டில் வழிபாட்டுத் தலங்கள் பரவலாகத் திறந்தது செப்டம்பர் 1இல்தான். 2021 ஏப்ரல் இறுதியில் மறுபடி அடைபட்டு ஜூலையில் திறந்தன. கத்தோலிக்கருக்கு, நற்கருணையை உடலால் பெற இயலாதபோது மனத்தால் பெறுவதற்கான பழைய செபம் கைகொடுத்தது. பெந்தெகொஸ்தேயினர் கைபேசிக்கு மாறினார்கள். மாடிச் சபைகளின் போதகர்கள் பலர் முதன்முறையாகக் கேமரா முன் நின்றார்கள்.

ஊரடங்கு ஓர் இயற்கைச் சோதனை: கூட்டத்தை நீக்கிவிட்டால் என்ன மிஞ்சும்? ஒளிபரப்பு மிஞ்சியது. அது ஒருவழிப் பாதை. பாடலைக் கேட்கலாம், வராதவரைத் தேட முடியாது. முதியவர்களுக்கு அந்த மாதங்களில் உதவியது, சபையார் ஒருவர் முறைவைத்துத் தொலைபேசியில் அழைத்ததும், வாட்ஸ்அப் குழுவில் காலையில் வந்த குரல்பதிவும்தான் என்று நினைக்க இடமிருக்கிறது.

அந்த நாட்களின் கொடுமையான தனிமை மரணத்தில் தெரிந்தது. 2020 ஏப்ரல் 19 அன்று கொரோனாவால் இறந்த சென்னை நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரின் உடலை அண்ணாநகர் வேலங்காட்டில் அடக்கம் செய்ய வந்தவர்களை ஒரு கும்பல் கற்களாலும் கட்டைகளாலும் தாக்கியது. சக மருத்துவர் ஒருவர் நள்ளிரவில் மண்வெட்டி எடுத்துப் புதைத்தார். இறந்தவர் கிறித்தவர், பாடலும் குருவும் மண் போட உறவுகளும் இல்லாமல் போனார். ஒரு வாரத்துக்குள் அரசு, இத்தகைய அடக்கத்தைத் தடுப்பதைக் குற்றமாக்கி அவசரச் சட்டம் கொண்டுவந்தது. இறந்தவருக்கு ஆறுதல் தேவையில்லை என்று வாதிடலாம். குழிமேட்டில் கைப்பிடி மண் போடக் கிடைக்காத குடும்பத்துக்குத் தேவைப்பட்டது. அதைத் தனி ஜெபத்தால் நிரப்ப முடிந்திருக்காது.

10. மாடிப்படி

வராதவரை என்ன செய்வது என்ற கேள்வி சபைக்குப் புதிதன்று. இரண்டாம் நூற்றாண்டில் உரோமையில் எழுதிய யுஸ்தீன், ஞாயிறு வழிபாட்டை விவரிக்கும்போது, பகிர்ந்த அப்பத்தை வராதவர்களின் வீடுகளுக்கு உதவியாளர்கள் கொண்டுபோனதைச் சேர்த்தே சொல்கிறார். கத்தோலிக்கப் பங்குகளில் முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கு வீட்டிலேயே நற்கருணை கொடுக்கும் வழக்கம் அதன் தொடர்ச்சி. பெந்தெகொஸ்தே சபைகளில் வீட்டு ஜெபக் கூட்டம் அந்த வேலையைச் செய்கிறது. விசுவாசிகள் செவ்வாயோ வெள்ளியோ ஒரு வீட்டில் கூடிப் பாடுகிறார்கள். பாயில் உட்கார்ந்து காபி குடித்து, மருந்துச் சீட்டைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

மாங்காடு போன்ற ஊரில் இது இரண்டு வகையில் சிக்கலாகிறது. வாடகை வீட்டின் உரிமையாளர் ஜெபக் கூட்டத்தை அனுமதிப்பதில்லை. சத்தம் என்பார், அக்கம்பக்கம் என்பார். சபைகளோ வாடகை குறைவு என்று மாடியில் இருக்கின்றன. முழங்கால் தேய்ந்தவர்கள் அந்தப் படியில் ஏற முடியாது. எழுபத்தைந்து வயதுக் கிறித்தவர் ஒருவர் சபையிலிருந்து இருநூறு அடி தள்ளி இருந்துகொண்டே, யூடியூபில் வேறு நகரத்துப் பிரசங்கியைக் கேட்டுக்கொண்டிருக்கும் நிலை இப்படித்தான் வருகிறது. அவருடைய விசுவாசத்தில் குறை ஏதும் இல்லை. கீழே இறங்கிப் போய் அவர் கதவைத் தட்ட யாருக்கு முறை என்று மாடியில் யாரும் எழுதிவைக்கவில்லை.